திருமண நாளுக்கு ரோம்: லோன் வாங்கலாமா, எஃப்டியை உடைக்கலாமா?

கேள்வி: மதுரையில் வசிக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 1.30 லட்சம் ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை, 15,000 ரூபாய் எஸ்ஐபி, வீட்டுச் செலவு எல்லாம் போக 25,000 வரை மிஞ்சும். வரும் பிப்ரவரியில் எங்கள் 25-வது திருமண நாள். இருவர் மட்டும் 5 நாள் ரோம் போய், சுற்றிப் பார்த்து, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வர ஆசை. டூர் ஏஜென்ட் 4.60 லட்சம் கேட்கிறார். அவசரத்துக்கென்று ஒதுக்கியது போக, சேமிப்புக் கணக்கில் 1.40 லட்சம் இருக்கிறது. மீதிக்கு, மகளின் காலேஜுக்காகப் போட்ட எஃப்டியை உடைக்கலாமா, பேங்க் தருவதாகச் சொல்லும் பர்சனல் லோனை வாங்கலாமா? சாப்பாட்டுச் செலவை மிச்சம் பிடிக்க இங்கிருந்தே கட்டிக்கொண்டு போய்விடலாம் என்கிறார் கணவர்.

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் எஃப்டியும் வேண்டாம், லோனும் வேண்டாம். உங்களுக்கு இன்னும் 10 மாதம் இருக்கிறது, அதுவே போதும்.

லோன் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 2 லட்சம் ரூபாயை 14 சதவீத வட்டியில் 2 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 9,600. மொத்த வட்டி 30,000-க்கு மேல், பிராசஸிங் கட்டணம் தனி. அந்த வட்டிப் பணத்தில் ரோமில் நீங்கள் இருவரும் 4 நாள் நிம்மதியாகச் சாப்பிடலாம். அதைப் போய் எதற்குப் பேங்குக்குக் கொடுக்க வேண்டும்?

ஏஜென்ட் சொல்லும் 4.60 லட்சமும் தேவையில்லை. யூரோவை 110 ரூபாய் என்று வைத்துக்கொண்டு நான் போட்ட கணக்கு இது. விமான டிக்கெட் இருவருக்கும் 1.30 லட்சம். விசா, இன்சூரன்ஸ் 25,000. நல்ல 3 நட்சத்திர ஹோட்டல், ஊர் வரியோடு 78,000. சாப்பாடு 55,000. நுழைவுச்சீட்டு, ரயில், பஸ் 27,000. எதிர்பாராத செலவுக்கு 35,000. ஆக மொத்தம் 3.50 லட்சம். பிப்ரவரியில் ரோமில் குளிரும், ஆனால் கூட்டமும் ஹோட்டல் வாடகையும் கோடைக்காலத்தைவிடக் குறைவு. உங்கள் திருமண நாள் நல்ல மாதத்தில்தான் விழுந்திருக்கிறது.

கையில் இருக்கும் 1.40 லட்சத்தை டிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீதி 2.10 லட்சத்துக்கு மாதம் 21,000 வீதம் 10 மாத ஆர்டி போடுங்கள். பங்குச் சந்தை ஃபண்டில் போட இந்தக் காலம் போதாது. எஸ்ஐபியை நிறுத்தாதீர்கள். 10 மாதம் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். தீபாவளி போனஸ் வந்தால் அந்த இறுக்கம் தளரும்.

விசா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஒருவருக்கு 90 யூரோ கட்டணம், விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்ப வராது. பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். அந்த நேரத்தில் மாமாவிடமோ மச்சானிடமோ கைமாற்று வாங்கிக் கணக்கில் பெரிய தொகையைப் போடாதீர்கள், சந்தேகம் வரும். மாதாமாதம் சேர்ந்த ஆர்டிதான் உங்களுக்குப் பலம். விசா கையில் வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் ஹோட்டலாகவே பதிவு செய்யுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பிரஷர், சுகர் இருந்தால் மறைக்காமல் சொல்லி எடுங்கள்.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். இந்தப் பயணத்தின் ஆசையே அதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள், பிறகு அதிலேயே கை வைக்கலாமா? புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் இருக்கட்டும். ஆனால் பால், இறைச்சிப் பொருட்களை வெளிநாட்டுப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. தயிர் சாதம், நெய், பால்கோவா எல்லாம் விமான நிலையத்தோடு சரி.

இருவருக்கும் நாளுக்கு 60 யூரோ, அது தவிர இரண்டு இரவு விருந்துக்குத் தலா 100 யூரோ என்றுதான் அந்த 55,000 வந்தது. பணம் எங்கே ஒழுகும் என்று தெரிந்துகொண்டால் இது தாராளம். காபியைக் கவுன்ட்டரில் நின்று குடித்தால் ஒரு யூரோ சொச்சம். அதையே சதுக்கத்து மேஜையில் உட்கார்ந்து குடித்தால் பல மடங்கு. மதியத்துக்குத் துண்டு பீட்சா கடைகள் இருக்கின்றன. கடைக்காரர் பீட்சா மேல் கத்தியை வைத்து எவ்வளவு வேண்டும் என்று பார்ப்பார். கத்தியை நகர்த்தச் சொல்லி நீங்கள் அளவைக் காட்டலாம். வெட்டி, எடை போட்டு, எடைக்குத்தான் காசு வாங்குவார்கள். தெருக்களில் நசோனி என்ற குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன. நல்ல தண்ணீர், இலவசம். உணவகத்தில் வைக்கும் பாட்டில் தண்ணீருக்குக் காசு உண்டு.

மெனுவில் 'கொபெர்த்தோ' என்று ஒரு வரி இருந்தால் அது தலைக்கு இவ்வளவு என்று உட்காரும் கட்டணம். இத்தாலியின் பல ஊர்களில் அது வழக்கம்தான், ஆனால் ரோம் இருக்கும் லாட்சியோ பிராந்தியத்தில் சட்டப்படி அதற்குத் தடை உண்டு. டிப்ஸ் கட்டாயமில்லை. மீன் சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல இடங்களில் மெனுவில் இருப்பது 100 கிராமுக்கான விலை. முழு மீன் வந்தபின் பில் பல மடங்காகும். இறைச்சி வேண்டாம் என்றால் காச்சோ எ பேபே கேளுங்கள், பாலாடைக்கட்டியும் மிளகும் போட்ட பாஸ்தா. சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் இடங்களைவிட தெஸ்தாச்சோ பகுதியில் சாப்பிடுவது எனக்குப் பிடிக்கும்.

ஏஜென்ட் திட்டத்தில் தினமும் இந்திய இரவு உணவு சேர்த்தியா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால், வேண்டாத சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறீர்கள். டூர் பேக்கேஜுக்கு முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி, பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை உங்கள் பணம் முடங்கும்.

அங்கே செலவழிக்க ஃபாரெக்ஸ் கார்டு வாங்கி, ஆர்டி பணம் வந்ததும் யூரோ ஏற்றுங்கள். சாதாரண கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை மார்க்-அப் என்ற கூடுதல் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் போகும். ஒரு லட்சத்துக்கு 4,130 ரூபாய். எந்தக் கார்டாக இருந்தாலும், மெஷின் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் விலை.

கொலோசியம் சீட்டை அதிகாரபூர்வ இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள். சீட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுக்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம்தான், ஆனால் வரிசையில் அரை நாள் போகலாம். 5 நாள் பயணத்தில் அந்த அரை நாளுக்கு மதிப்பு அதிகம்.

ஆர்டியை இந்த மாதச் சம்பளம் வந்த அன்றே தொடங்கிவிடுங்கள். டிக்கெட்டை அக்டோபரில் பார்க்கலாம், விசாவுக்கு நவம்பரில் விண்ணப்பியுங்கள். மகளின் எஃப்டி அப்படியே இருக்கட்டும்.