பி0420 கோட்: கற்றலிற்றிக் கொன்வேட்டரை வெட்டுறதுக்கு முதல்

மல்லாவித் தம்பி, வாகனத்துக்கு இழுவை இல்லை, எஞ்சின் லைற் எரிஞ்சு பி0420 கோட் (கொன்வேட்டர் சரியா வேலை செய்யேல்லை எண்ட கோட்) வருது, சைலன்சர் குழாயில புகையைச் சுத்தமாக்கிற கொன்வேட்டரை வெட்டி நேர்க்குழாய் போடட்டோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். போட்டாலும் லைற் அணையாது. கொன்வேட்டர் வேலை செய்யுதோ எண்டு பாக்கிறதுதான் அதுக்குப் பின்னால இருக்கிற ஒக்சிஜன் சென்சரின்ர வேலையே. புகைப் பரிசோதனையிலயும் மாட்டுவீங்கள்.

முதல்ல அடைப்போ எண்டு பாருங்கோ. கொன்வேட்டருக்கு முன்னால இருக்கிற ஒக்சிஜன் சென்சரைக் கழட்டி அந்த ஓட்டையில பிரஷர் கேஜ் பூட்டி, 2500 ஆர்பிஎம்மில பிடியுங்கோ. 3 பிஎஸ்ஐக்கு மேல போனால் உள்ள அடைச்சுப் போச்சு, மாத்தத்தான் வேணும்.

சென்சர் கழட்ட, வயர் சொக்கெற்றை முதல் பிரியுங்கோ, இல்லாட்டி வயர் முறுகி அறும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிட்டு, எஞ்சின் இளஞ்சூட்டில இருக்கேக்க, பக்கம் வெட்டின 22 மில்லிமீற்றர் சொக்கெற் போடுங்கோ. சாதாரண சாவி முனையை மழுக்கிப்போடும். திருப்பிப் பூட்டேக்க அன்ரி சீஸ் கிறீஸ் (புரி இறுகிப் பிடிக்காமல் பூசிறது) புரிக்கு மட்டும். நுனியில பட்டால் சென்சர் பழுதாப்போகும். இறுக்கம் 40 நியூட்டன் மீற்றர் அளவில. கஸ்கெற் புதுசு போடுங்கோ. முன் சென்சருக்குப் பக்கத்தில கசிவு இருந்தால் வெளிக்காத்து உள்ள இழுபட்டு, கொம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டும்.

பிளக், கொயில் பிழையால மிஸ்ஸிங் (சிலிண்டரில பெற்றோல் சரியா எரியாமல் விடுறது) இருந்தால் அதை முதல் திருத்துங்கோ. எரியாத பெற்றோல் போய்த்தான் கொன்வேட்டரின்ர உள்கூடு உருகிறது, புதுசும் அப்பிடியே போகும்.