சர்வாதிகார ஆட்சியைச் சொல்ல நாவல் எதற்கு? செய்தித்தாள் போதாதா?

அரசியல் புனைகதை என்றால் கட்சி, தேர்தல் பற்றிய கதை மட்டும் இல்லை. அதிகாரம் ஒரு மனிதனின் வீட்டுக்குள், பேச்சுக்குள், தூக்கத்துக்குள் எப்படி நுழைகிறது என்று காட்டும் கற்பனைக் கதை அது.

செய்தித்தாள் போதாது. அப்படிப்பட்ட ஆட்சி முதலில் கை வைப்பதே அதில்தான். அப்புறம், யார் யார் கைது என்று செய்தி சொல்லும். கைதாகாதவன் ராத்திரி கதவு தட்டும் சத்தத்துக்கு எப்படி வெலவெலத்துப் போகிறான் என்பதைக் கதைதான் சொல்லும்.

காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும்போது கடன் கொடுத்தவர் பக்கத்தில் வந்து நின்றால், மீனவர்கள் "இன்னைக்குக் காத்து சரியில்லப்பா" என்பார்கள். புரிய வேண்டியவர்களுக்குப் புரியும். புனைகதையும் அப்படித்தான், சுற்றி வளைத்துப் பேசும்.

நம் ஊரிலேயே நெருக்கடிநிலைத் தணிக்கையின்போது, 1976 பிப்ரவரியில் முரசொலி கைதானவர்களின் பெயர்களை எப்படி வெளியிட்டது தெரியுமா? அண்ணா நினைவிடத்துக்கு வர இயலாதோர் பட்டியல் என்று! அது கதை இல்லை, ஆனால் உத்தி அதேதான்.

தணிக்கைக்காரர்களும் ஏமாளிகள் இல்லை. ரஷ்யாவில் சம்யாத்தின் என்ற எழுத்தாளர், எல்லோரையும் கண்காணிக்கும் ஓர் அரசைப் பற்றி எழுதிய 'நாங்கள்' நாவல் 1924இல் ஆங்கிலத்தில் வந்துவிட்டது; சோவியத் நாட்டில் அச்சேற 1988 ஆனது.

ஆங்கில எழுத்தாளர் ஆர்வெல் '1984' நாவலில், பழைய பதிவுகளைத் திருத்தி ஆட்களையே இல்லாமல் ஆக்கும் ஓர் அரசைக் காட்டினார். அதில் அவர் வருங்காலத்தைக் கணித்தார் என்று பலர் சொல்வது பாதிதான் சரி: 1949இல் அது வெளிவருவதற்கு முன்பே, ஸ்டாலினின் ஆட்கள் வேண்டாதவர்களைப் புகைப்படங்களிலிருந்து அழித்துக்கொண்டிருந்தார்கள்.