மடிக்கணினியை விற்றவருக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்

கேள்வி: பொறியியல் முதலாண்டு சேர்ந்திருக்கும் என் மகளுக்காக இணைய ஏலத் தளம் ஒன்றில் பழைய மடிக்கணினி எடுத்தேன். அதே மாடல் பழையதற்கே கடையில் ₹55,000 சொல்கிறார்கள். எனக்கு ₹34,500-க்கு ஏலம் முடிந்தது. விற்றவர் பெங்களூரில் இருப்பவர். தளத்தின் வழியாகச் செலுத்தாமல் நேரடியாக யுபிஐ மூலம் அனுப்பினால் ₹2,500 குறைப்பதாகச் சொன்னார், ₹32,000 அனுப்பினேன். பில் தரவில்லை. "வேலையை விட்டபோது கம்பெனி எனக்கே கொடுத்துவிட்டது" என்றார். வந்து சேர்ந்த கணினியில் பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை, மூடியில் கீறல், சார்ஜர் அசல் இல்லை. ரீசெட் செய்து இணையத்தில் இணைத்தால், ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் திரையில் வந்து நிற்கின்றன. அதற்கு மேல் போக முடியவில்லை. என் மகள் அந்த எண்ணில் பேசினாள். சீரியல் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, "இது எங்கள் சொத்து, திருப்பிக் கொடுங்கள்" என்றார்கள். கோபத்தில் விற்றவருக்கு, "விலையைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம்தான், ஏமாற்றிவிட்டீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். கணினியைக் கூரியரில் திருப்பி அனுப்பினால் ₹20,000 தருவதாக இப்போது சொல்கிறார். என் மைத்துனரோ, ₹4,000 கொடுத்தால் கடையில் பூட்டை நீக்கித் தருவார்கள், நீக்கி விற்றுவிடலாம் என்கிறார். ஏலத்தில் எடுத்த பொருள் எனக்குச் சொந்தம்தானே? தளத்தின் மீதும் விற்றவர் மீதும் மன உளைச்சலுக்கு ₹2 லட்சம் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்கலாமா? — ஈரோடு வாசகர்

பதில்: பேட்டரியையும் கீறலையும் சார்ஜரையும் இன்றோடு விட்டுவிடுங்கள். மகளின் ஏமாற்றமும் உங்கள் கோபமும் உங்களுக்குப் பெரியவை என்பது எனக்குப் புரிகிறது; வழக்கில் அவற்றுக்கு இடமில்லை. உங்கள் கடிதத்தில் சட்டம் கவனிக்கப்போவது ஒன்றைத்தான். திரையில் நிறுவனத்தின் பெயரைப் பார்த்த பிறகும், "எங்கள் சொத்து" என்று அவர்கள் சொல்லக் கேட்ட பிறகும், அந்தக் கணினி உங்கள் வீட்டில் இருக்கிறது. யார் மீது வழக்குப் போடலாம் என்று கேட்கிறீர்கள். உங்கள் மீது வழக்கு வராமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போதைய வேலை.

ஏலத்தில் எடுத்ததால் பொருள் உங்களுடையதாகிவிடாது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி, விற்றவருக்கு எவ்வளவு உரிமை இருந்ததோ அவ்வளவுதான் வாங்கியவருக்கும் வரும். அதே சட்டத்தின் 64-ஆவது பிரிவு ஏலத்தைப் பற்றிப் பேசுகிறது. விற்பனை எந்தக் கட்டத்தில் முடிவடைகிறது என்பது போன்ற விதிகள்தான் அதில் உள்ளன. உரிமையில்லாதவரின் பொருளை ஏலம் சுத்தமாக்கித் தருவதில்லை. நல்லெண்ணத்தோடு வாங்கியவரைக் காக்கும் சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் வேலைக்காகக் கொடுத்த கணினியை ஊழியர் விற்றுவிட்டால் அவை உங்களுக்கு உதவா.

"அவர் திருடவில்லையே, கம்பெனி கொடுத்ததைத்தானே விற்றார்" என்று பலரும் கேட்பார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவில் திருட்டுப் பொருள் என்பதன் வரையறை அகலமானது. பூட்டை உடைத்து எடுத்தது மட்டும்தான் அதில் வரும் என்பதில்லை. நம்பிக்கை மோசடி செய்யப்பட்ட பொருளும், ஏமாற்றிப் பெற்ற பொருளும் அதில் அடங்கும். வேலையை விட்டபோது ஒப்படைக்காமல் விற்ற அலுவலகக் கணினி இந்த வரையறைக்குள் நேராக வந்து விழும். அத்தகைய பொருளை, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற நோக்கத்தோடு பெற்றாலும் குற்றம், வைத்திருந்தாலும் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. கணினி என்பதால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66பி பிரிவையும் சேர்ப்பார்கள். அதிலும் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாங்கிய நாளில் நீங்கள் ஒன்றும் அறியாதவராக இருந்திருக்கலாம். உங்கள் மகள் அந்தத் தொலைபேசிப் பேச்சை முடித்த நொடியிலிருந்து அப்படிச் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை வைத்துத்தான் உங்கள் நோக்கத்தை அளப்பார்கள்.

ஒரு விஷயத்தையும் மறுபக்கத்தில் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய கணினிகளை மொத்தமாகக் கழித்து விற்கின்றன. நாட்டில் புழங்கும் பழைய மடிக்கணினிகளில் நிறைய இப்படி வந்தவை. விற்ற பிறகும் தங்கள் கணினிகளை இணையம் வழியே பூட்டிவைக்கும் நிர்வாகப் பட்டியலிலிருந்து சீரியல் எண்ணை நீக்க மறந்துவிடுவதும் நடக்கிறது. அப்படியானால் உரிமை முறையாகவே கைமாறியிருக்கிறது, தொலைபேசியில் பேசியவர்தான் சரிபார்க்காமல் சொல்லியிருக்கிறார். இரண்டில் எது என்பதைத் திரை சொல்லாது, காகிதம்தான் சொல்லும். அந்தக் காகிதம் விற்றவரிடம் இருந்திருந்தால் இதற்குள் உங்களுக்கு அனுப்பியிருப்பார் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

இனி எனக்கு உண்மையிலேயே கவலை தருவதைச் சொல்கிறேன். விற்றவர் காட்டும் வழிதான் உங்கள் முன் இருப்பவற்றில் மிக ஆபத்தானது. கணினியை அனுப்பு, ₹20,000 தருகிறேன் என்கிறார். நியாயமான சமரசம் போலத் தோன்றும். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருக்கும் ஒன்றை மறைக்கவோ கைமாற்றவோ உதவுவது 317-ஆவது பிரிவிலேயே தனிக் குற்றம். அதற்கும் மூன்று ஆண்டு வரை சிறை. உரிமையாளர் "எங்களிடம் கொடுங்கள்" என்று கேட்ட பிறகு, பொருளை அதை விற்றவருக்கே அனுப்பிவைத்தவர் என்று உங்கள் பெயர் கூரியர் ரசீதில் இருக்கும். என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர் இதைத்தான் செய்திருந்தார். பணம் திரும்ப வந்தது, முடிந்தது என்று நிம்மதியாக இருந்தார். விற்றவர் அதே கணினியை வேறு ஊரில் இன்னொருவருக்கு விற்றார், அவர் புகார் கொடுத்தார். விசாரணை கணினி போன வழியைப் பின்தொடர்ந்து வந்தபோது, என் கட்சிக்காரரிடம் பொருளும் இல்லை, பில்லும் இல்லை. அவர் பெயரில் ஒரு கூரியர் ரசீது மட்டும் இருந்தது. ஏமாந்தவராகப் புகார் கொடுக்க வேண்டியவர் வெளிமாநில வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்க்கப்பட்டார். முன்ஜாமீனுக்கும் வாய்தாவுக்கும் அலைந்த செலவு கணினியின் விலையைப் பலமுறை தாண்டியது.

மைத்துனரின் யோசனையும் மோசம்தான். பூட்டை நீக்குவதும், சீரியல் எண்ணை மாற்றுவதும், மதர்போர்டில் கை வைப்பதும் "எனக்குத் தெரியாது" என்ற உங்கள் ஒரே தற்காப்பை உங்கள் கையாலேயே அழிப்பவை. கடைக்காரரின் செல்போனில் நீங்கள் அனுப்பிய ₹4,000 இருக்கும். போலீஸ் கேட்டால் அவர் உங்களைக் காட்டிக் கொடுக்கத் தயங்க மாட்டார். விற்றால் இன்னொரு குடும்பத்தை நீங்களே ஏமாற்றியவர் ஆகிறீர்கள். அப்போது விற்றவர் மீது நீங்கள் சொல்லும் மோசடிக் குற்றச்சாட்டு அப்படியே உங்களுக்கும் பொருந்தும்.

அடுத்தது அந்த வாட்ஸ்அப் செய்தி. "விலையைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம்தான்" என்ற வரி, வாங்கும்போதே நம்பக் காரணம் இருந்தது என்று காட்ட அரசுத் தரப்புக்குப் போதுமானது. சந்தை விலையைவிட ₹20,000-க்கும் மேல் குறைவு, பில் இல்லை, தளத்தைத் தவிர்த்து நேரடிப் பணம் ஆகியவற்றோடு சேர்த்துப் படித்தால் அதன் எடை இன்னும் கூடும். திருடுபோன பொருள், திருட்டு நடந்த சிறிது காலத்துக்குள் ஒருவர் கையில் இருந்து, அவர் அதற்குக் கணக்குச் சொல்ல முடியாவிட்டால், நீதிமன்றம் அவருக்கு எதிராக ஊகிக்கப் பழைய சாட்சியச் சட்டம் இடம் கொடுத்தது. அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்திலும் 119-ஆவது பிரிவாக அது தொடர்கிறது. அதற்காக அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். விற்றவரின் செல்போனில் அது இருக்கத்தான் போகிறது. நீங்கள் அழித்தது மட்டும் புதிதாக உங்களுக்கு எதிராக நிற்கும். உரையாடல் முழுவதையும், ஏலப் பக்கத்தின் படத்தையும், யுபிஐ ரசீதையும், பார்சல் உறையையும் பத்திரப்படுத்துங்கள். யுபிஐ ரசீதில் உள்ள கணக்குப் பெயர் ஏலத் தளத்தில் இருந்த பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இனிமேல் கோபத்தில் ஒரு வரியும் எழுத வேண்டாம்.

மகளை இதிலிருந்து விலக்குங்கள். அவளுடைய எண் நிறுவனத்தின் பதிவில் ஏறிவிட்டது. இனி அவள் பேசக் கூடாது, கணினியைத் திறக்கக் கூடாது, தன் மின்னஞ்சலை அதில் இடக் கூடாது. வாங்கியவர் நீங்கள், பணம் போனது உங்கள் கணக்கிலிருந்து; பதில் சொல்பவரும் நீங்களாகவே இருங்கள். "போலீஸ் பேசுகிறோம், பணம் கட்டினால் முடித்துவிடலாம்" என்று யாராவது அழைத்தால், காவல் நிலையத்தின் பெயரையும் வழக்கு எண்ணையும் கேட்டுவிட்டு வைத்துவிடுங்கள். எந்தப் போலீசும் வீடியோ அழைப்பில் கைது செய்வதில்லை. உண்மையான அழைப்பாணை எழுத்தில் வந்தால் அலட்சியம் செய்யாமல், வழக்கறிஞர் மூலம் பதில் கொடுத்து ஆஜராகுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது, அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல். முகவரியை அவர்களுடைய அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்து எடுங்கள். திரையில் வந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். எந்தத் தேதியில், எந்தத் தளத்தில், எவ்வளவுக்கு வாங்கினீர்கள், சீரியல் எண் என்ன, எந்தத் தேதியில் அவர்கள் பெயர் திரையில் வந்தது, கணினி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, உரிமையைக் காட்டும் ஆவணம் தந்தால் ஒப்படைக்கத் தயார் என்பவை போதும். திருட்டு என்றும் எழுத வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். ஒரு கேள்வியை மட்டும் தவறாமல் கேளுங்கள்: இதுகுறித்து முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறதா? பதிவாகியிருந்தால் கணினி வழக்குச் சொத்து. அதை நிறுவனத்தின் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள்; விசாரணை அதிகாரியிடம் கொடுத்து, கைப்பற்று மகஜரின் (பொருளைப் பெற்றதற்குப் போலீஸ் எழுதும் பதிவு) நகலை வாங்குங்கள். பதிவாகவில்லை என்றால், உங்களுக்கு அருகில் உள்ள அவர்கள் கிளையில் நேரில் ஒப்படைத்து, அலுவலக முத்திரையோடு ஒப்புகையும், உங்கள் மீது வேறு கோரிக்கை எதுவும் இல்லை என்ற கடிதமும் பெறுங்கள். திருட்டுப் பொருளைப் பெற்ற குற்றம், பொருளின் உரிமையாளர் இசைந்தால் சமரசமாக முடித்துக்கொள்ளக்கூடியது. அதனால் அந்த நிறுவனத்தின் நல்லெண்ணம் உங்களுக்கு ₹32,000-ஐவிடப் பெறுமதியானது. "நாங்கள் கழித்து விற்றதுதான்" என்று அவர்கள் எழுத்தில் சொல்லிவிட்டால், பட்டியலிலிருந்து நீக்கித் தரச் சொல்லுங்கள், கணினி உங்களுடையது.

பணத்தைப் பற்றி. தளத்தைத் தவிர்த்து நேரடியாகச் செலுத்தியதால் அவர்களுடைய வாங்குபவர் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைப்பது கடினம். ஆனாலும் குறைதீர் அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். குறைந்தபட்சம் விற்றவரின் விவரங்கள் பதிவில் நிற்கும். நுகர்வோர் ஆணையத்தில் ₹2 லட்சம் கேட்பதை மறந்துவிடுங்கள். எப்போதோ ஒரு பொருளை விற்ற தனிநபரை வணிகர் என்று நிறுவுவதே கடினம். மன உளைச்சலுக்குத் தரும் தொகை நீங்கள் நினைப்பதில் சிறு பகுதியாகத்தான் இருக்கும். விற்றவர் மீது உங்களுக்கு இருக்கும் வலுவான உரிமை சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவுதான்: விற்கும் உரிமை தனக்கு இருக்கிறது என்ற நிபந்தனை ஒவ்வொரு விற்பனையிலும் அடங்கியிருக்கிறது. அது பொய்த்தால் முழு விலையையும் திருப்பிக் கேட்கலாம்.

கேட்கலாம் என்பது வேறு, ₹32,000-க்காகப் பெங்களூரில் இருப்பவர் மீது ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்துவது வேறு. விலையைத் திருப்பிக் கேட்டு விற்றவருக்கு நோட்டீஸ் அனுப்பிய பிறகு ₹20,000 தந்தாலும் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. அந்தப் பணத்துக்கு ஈடாகக் கணினியைக் கொடுக்கக் கூடாது. "போலீசுக்குச் சொல்ல மாட்டேன்" என்றும் எழுதித் தரக் கூடாது, குற்றத்தை மறைக்கப் பணம் வாங்குவதும் குற்றம். விற்பனை உரிமை இல்லாததால் விலையைத் திருப்பித் தருகிறேன் என்று அவர் எழுதட்டும், பணம் வங்கி வழியாகவே வரட்டும். நிறுவனத்தின் பதில் கைக்கு வந்த பிறகுதான் இந்த நோட்டீஸ் போக வேண்டும். அதுவரை அவர் அழைத்தால் எடுக்க வேண்டாம். சொல்வதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.