இணையக் குழுக்களின் கட்டுப்பாடு ஒரே இடத்தில் இருப்பது நல்லதா, பலரிடம் பரவி இருப்பது நல்லதா?

சிறு அலுவலகங்களுக்கு சர்வர் பார்த்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வரும். நான் பரவலாக்கத்தின் பக்கம்தான். ஆனால் சர்வர்கள் எத்தனை ஊரில் இருக்கின்றன என்பதை வைத்து நான் முடிவு செய்வதில்லை. நாளைக்குச் சண்டை என்று வந்தால் உறுப்பினர்கள் எதைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்ப முடியும்? அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

இதற்கு ஃப்ரீநோட் கதையை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 1988இல் பின்லாந்தில் யார்க்கோ ஓய்கரினென் உருவாக்கிய ஐஆர்சி என்ற அரட்டை முறையில் இயங்கிய வலையமைப்பு அது. உபுண்டு, விக்கிமீடியா, குனூ என்று, யாரும் எடுத்து மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் உலகமே அங்கேதான் பேசிக்கொண்டிருந்தது. சர்வர்கள் பல இடங்களில் இருந்து நன்கொடையாக வந்தவை, நடத்தியவர்கள் தன்னார்வலர்கள். வெளியில் இருந்து பார்த்தால் பரவலாக்கத்துக்கு இதைவிட நல்ல மாதிரி கிடையாது. ஆனால் டொமைன் பெயர், அதாவது இணைய முகவரி, என்பது ஒன்றே ஒன்றுதானே? பயனர் பெயர்கள் பதிவான தரவுத்தளமும் அப்படித்தான்.

2017இல் ஃப்ரீநோட் பெயரில் இருந்த நிறுவனம் ஆண்ட்ரூ லீ என்ற தொழிலதிபரிடம் போனது. அந்த நிறுவனம் மாநாடு நடத்துவதற்கு மட்டும்தான், வலையமைப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது தன்னார்வலர்களின் வாதம். எல்லாமே தனக்குச் சொந்தம் என்பது லீயின் வாதம். 2021 மே 19 அன்று தன்னார்வலர்கள் கூட்டமாக ராஜினாமா செய்து, லிபெரா சாட் என்ற புதிய வலையமைப்பைத் திறந்துவிட்டார்கள்.

இடம் மாற பயனர் செய்ய வேண்டியிருந்தது என்ன தெரியுமா? தான் வழக்கமாகப் பயன்படுத்தும் செயலியில் சர்வர் முகவரியை மாற்ற வேண்டும், நிக்சர்வ் என்ற பதிவுச் சேவைக்கு ஒரு வரி கட்டளை அனுப்பிப் பெயரைப் பதிய வேண்டும், அவ்வளவுதான். பல சேனல்கள், அதாவது அரட்டை அறைகள், தலைப்பு வரியில் ‘லிபெராவுக்குப் போய்விட்டோம்’ என்று எழுதி வைத்தன. ஒரு வாரம் கழித்து, தலைப்பில் லிபெரா என்ற சொல் இருந்த எழுநூறு அளவிலான சேனல்களை ஃப்ரீநோட்டின் புதிய நிர்வாகம் ஒரே வீச்சில் கைப்பற்றியது. போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களும் அதைப் பார்த்துக் கிளம்பிவிட்டார்கள். ஜூனில் ஃப்ரீநோட் வேறு மென்பொருளுக்கு மாறியபோது பழைய பெயர்ப் பதிவுகள் மொத்தமும் போயின. அதே மாதம் குனூவும் லிபெராவுக்கு வந்து சேர்ந்தது.

இது இவ்வளவு சுலபமாக நடந்ததற்கு, ஐஆர்சி யார் வேண்டுமானாலும் நடத்தக்கூடிய திறந்த நெறிமுறை என்பது ஒரு காரணம். இன்னொன்றை யாரும் அதிகம் சொல்வதில்லை: ஐஆர்சி சர்வர் பழைய உரையாடலைச் சேமித்து வைப்பதில்லை. விட்டுவிட்டுப் போக அங்கே பெரிதாக எதுவும் இல்லை.

ஒரே நிறுவனம் நடத்தும் விவாதத் தளமான ரெட்டிட்டில் நேர்மாறாக நடந்தது. 2023 ஜூனில், வெளிச் செயலிகள் தளத்தோடு இணைய உதவும் ஏபிஐக்கான கட்டணத்தை எதிர்த்து, ஆயிரக்கணக்கான குழுக்களை அவற்றைப் பார்த்துக்கொண்ட மாடரேட்டர்களே பூட்டினார்கள். திறக்காவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று நிறுவனம் சொன்னதும் பெரும்பாலானவை திறந்துவிட்டன. வாடகை வீட்டுக் கொல்லையில் நட்ட தென்னைதான் அது. காலி செய்யும்போது மரத்தைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது.

வெளியேற முடியும் என்பது போகாதவர்களுக்கும் பாதுகாப்பு. 2002 தொடக்கத்தில் விக்கிப்பீடியாவில் விளம்பரம் வரக்கூடும் என்ற பேச்சு எழுந்ததும், ஸ்பானிய மொழிப் பங்களிப்பாளர்கள் பலர் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு செவில்லா பல்கலைக்கழக சர்வரில் தனிக் கலைக்களஞ்சியம் தொடங்கினார்கள். கட்டுரைகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. அந்த ஆண்டே விக்கிப்பீடியா டாட் காமில் இருந்து டாட் ஆர்க்குக்கு மாறியது. 2003இல் லாபநோக்கற்ற அறக்கட்டளை வந்தது. இன்று வரை விளம்பரம் இல்லை. அந்தப் பிரிவுக்கு இதில் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

சரி, பரவலாக்கத்தில் கஷ்டமே இல்லையா? நிறைய இருக்கிறது. மின்னஞ்சல் திறந்த முறைதான், ஆனால் சொந்த மெயில் சர்வர் வைத்துப் பாருங்கள். அனுப்புநர் உண்மையானவர்தான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் எல்லாம் ஒழுங்காகப் போட்ட பிறகும் ஒரு வாடிக்கையாளரின் இன்வாய்ஸ்கள் ஸ்பாம் பெட்டிக்கே போய்க்கொண்டிருந்தன. பெரிய நிறுவனங்களின் வடிகட்டிகள் எப்படி முடிவெடுக்கின்றன என்று கேட்க அங்கே ஆளே கிடையாது. யாரும் சொந்த சர்வரில் நடத்தக்கூடிய சமூக வலைத்தள மென்பொருளான மாஸ்டோடன் 2016இல் வந்தது. அங்கே சர்வரை மாற்றினால் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வராது. சர்வரை நடத்துபவர் சலித்துப்போய் மூடிவிட்டால் அந்தப் பதிவுகள் அதோடு சரி. அவதூறையும் ஸ்பாமையும் உட்கார்ந்து நீக்க ஒவ்வொரு சர்வரிலும் ஒரு மனிதர் வேண்டும், அதுவும் சம்பளமில்லாமல்.

அதனால் அன்றாட நிர்வாகம் ஓரிருவர் கையில் இருப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. குழு தொடங்குபவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: டொமைன் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், ஏதோ ஒரு தனிநபர் பெயரில் வேண்டாம். அதன் பாஸ்வேர்டு குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். உறுப்பினர் பட்டியலையும் பதிவுகளையும் மாதம் ஒருமுறை பேக்கப் எடுத்து, ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு வெளியே வையுங்கள். அப்புறம், அந்த பேக்கப்பை வேறொரு சர்வரில் ஏற்றி ஓடுகிறதா என்று, எல்லோரும் நட்பாக இருக்கும்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.