பாம்பு வேண்டாம், பண்டோங் போதும்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 19. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். அப்பாவுக்குத் தோட்டத்து ஆலையில் வேலை. எங்கள் வீட்டில் குறும்புக்கு எப்போதும் குறைவில்லை. பாட்டிதான் அதற்குத் தலைவி. கல்யாணமான புதிதில் தாத்தாவின் சட்டைக் கையை ஒற்றை நூலால் தைத்து மூடி வைத்தாராம். அந்தக் கதை எங்கள் சொந்தத்தில் எல்லாருக்கும் தெரியும். போன மாதம் என் தம்பி (12 வயது) பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ரப்பர் பாம்பைக் குளியலறையில் தண்ணீர்த் தொட்டியோரம் போட்டுவிட்டான். பாட்டி அலறிப் பின்வாங்கி, சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடிபடவில்லை, ஆனால் வெகுநேரம் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. தம்பி அதைக் கைப்பேசியில் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியும்விட்டான். “இனி இந்த வீட்டில் யாரும் யாரையும் ஏமாற்றி விளையாடக்கூடாது” என்று அப்பா சொல்லிவிட்டார். தீபாவளிக்குக் கிள்ளானிலிருந்து அத்தை குடும்பமும் ஜொகூர் பாருவிலிருந்து சித்தப்பா குடும்பமும் வருகிறார்கள். வீடு இப்படி உம்மென்று இருப்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அப்பா சொல்வது சரிதானா? யாரையும் நோகடிக்காமல் விளையாட வழியே இல்லையா?

பதில்: தங்கைக்கு, உன் அப்பாவின் கோபம் முழுக்க நியாயம். தடையைத்தான் கொஞ்சம் தளர்த்தலாம் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால், அந்தப் பாம்பு ஏன் அவரை அவ்வளவு கோபப்படுத்தியது என்று நீயும் தம்பியும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

செம்பனைக் காட்டில் உதிர்ந்து கிடக்கும் பழத்துக்கு எலி வரும். எலியைத் தேடி நாகமும் மலைப்பாம்பும் வரும். வெயில் நேரத்தில் ஈரமும் நிழலும் தேடி வீட்டுப் பின்கட்டுக்கும் குளியலறைக்கும் கூட வந்துவிடும். தோட்டத்தில் வளர்ந்த உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்தில் பாம்பைப் பார்த்த பாட்டிக்கு அது பொம்மையாக இருக்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் கிடையாது. அவர் பயந்தது அறியாமையால் அல்ல, அனுபவத்தால். ஈரச் சிமெண்டுத் தரையில் வயதானவர் ஒரு அடி தவறிப் பின்னால் வைத்திருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அந்த வயதில் அது எளிதில் ஆறுகிற முறிவு அல்ல.

அதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது இன்னொன்று. நாளை உண்மையான பாம்பு அதே மூலையில் சுருண்டு கிடந்தால், “தம்பி வேலையாகத்தான் இருக்கும்” என்று யாராவது கையால் எடுத்துப் போடப் போவார்கள். இல்லையென்றால், போன தடவை எல்லாரும் சிரித்தார்களே என்று கூச்சப்பட்டு, பாட்டி சத்தம் போடாமலேயே இருந்துவிடுவார். பாம்பைக் கண்டால் கிட்டப் போகாதே, உடனே பெரியவர்களைக் கூப்பிடு, 999-க்கு அழைத்துத் தீயணைப்புப் படையையோ பொதுத் தற்காப்புப் படையையோ வரச்சொல் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அந்தப் பழக்கத்தைக் கெடுக்கிற எதுவும் விளையாட்டாகாது. பாம்பு, பூரான், தேள், தீ, மின்சாரம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். தீபாவளி நேரத்தில் நாற்காலிக்கு அடியில் பட்டாசைக் கொளுத்திப் போடுவதும் அப்படித்தான்.

சர்க்கரை டப்பாவில் உப்பை மாற்றி வைப்பது பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த குறும்பு. அதையும் வேண்டாம் என்பேன். 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது, மூன்று பேரில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. தீபாவளிக்கு வீடு நிறையச் சொந்தம் கூடினால் இரண்டுமே அங்கே இருக்கும். இன்சுலின் ஊசியோ சில வகை நீரிழிவு மாத்திரைகளோ எடுப்பவருக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கும். அப்போது அவர் கை போகிற இடம் அடுப்படியில் இருக்கும் அந்தச் சர்க்கரை டப்பாதான். அதில் உப்பு இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். மருந்துப் பெட்டி, மூக்குக் கண்ணாடி, கைத்தடி, சர்க்கரை, உப்பு ஆகியவை அவை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

தொலைபேசியில் “போலீஸ் பேசுகிறேன்”, “உங்கள் மகனுக்கு விபத்து” என்று குரலை மாற்றிப் பேசுவதும் கூடவே கூடாது. இப்படிப் பேசித்தான் மோசடிக் கும்பல்கள் நம் ஊர்ப் பெரியவர்களின் சேமிப்பைத் துடைத்தெடுக்கிறார்கள். அதற்காகவே அரசாங்கம் 2022-இல் 997 என்ற எண்ணைத் தொடங்கியிருக்கிறது. பாட்டிக்கு அந்த எண்ணைச் சொல்லிக்கொடு.

படம் எடுத்து அனுப்பிய விஷயத்துக்கு வருகிறேன். பாட்டியை அதிகமாக நோகடித்தது பாம்பா, அந்தப் படமா என்று அவரிடமே கேட்டுப் பார். பயம் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். தான் அலறியதைக் கிள்ளானிலும் ஜொகூரிலும் உட்கார்ந்து மருமக்களும் பேரப்பிள்ளைகளும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு எளிதில் இறங்காது. தம்பி அந்தப் படத்தைத் தன் கைப்பேசியிலிருந்து அழிக்கட்டும். அனுப்பிய எல்லாரிடமும் அழிக்கச் சொல்லிக் கேட்கட்டும். அதை அவனே செய்ய வேண்டும், நீ செய்துகொடுக்காதே. பிறகு பாட்டியிடம் போய் மன்னிப்புக் கேட்கட்டும். அப்பா பார்க்கிறார் என்பதற்காகக் கேட்கும் மன்னிப்பாக அது இருக்கக்கூடாது.

இனி விளையாட வழி உண்டா என்ற கேள்வி. தாராளமாக உண்டு. உன் பாட்டி தைத்த அந்தச் சட்டையே அதற்கு நல்ல அளவுகோல். அது ஒற்றை நூல் தையல், இழுத்தால் பிரிந்துவிடும். தாத்தா கையை நுழைத்துப் பார்த்து, முழித்து, விஷயம் புரிந்து சிரிக்க ஒரு நிமிடம் போதும். சட்டை கிழியவில்லை, தாத்தா யார் முன்னாலும் தலைகுனியவில்லை, யார் செய்தது என்பதும் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. இதில் ஒன்று குறைந்தாலும் அந்தக் கதையை இத்தனை வருடம் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

தீபாவளிக்கு என் முதல் யோசனை, ரோஸ் சிராப்பும் பாலும் கலந்த பானமான சிராப் பண்டோங்கைக் குடிக்க முடியாதபடி செய்வது. வீட்டில் அகர் அகர் தூள் இருக்குமே, 10 கிராம் பொட்டலத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் வைத்து, தூள் முழுக்கக் கரைகிற வரை நன்றாகக் கொதிக்கவிடு. அடுப்பை அணைத்த பிறகு ரோஸ் சிராப்பும் ஐடியல் பாலும் (டின்னில் வரும் இனிப்பில்லாத கெட்டிப் பால்) சேர்த்துக் கண்ணாடிக் குவளைகளில் ஊற்று. பாதி இறுகும்போது ஸ்ட்ராவை நட்டு வை. இறுகியதும் குளிர்பெட்டியில் வை. வெளியே எடுத்ததும் குவளை வியர்த்து, அசல் பண்டோங் போலவே இருக்கும். தாகத்தோடு வந்தவர் உறிஞ்சுவார், உறிஞ்சுவார், ஒன்றும் ஏறாது. அப்போது கையில் ஒரு கரண்டியைக் கொடு.

ஜெலட்டினை விட்டு அகர் அகரை ஏன் சொல்கிறேன் என்றால், அது கடற்பாசியிலிருந்து வருவது, சைவம் சாப்பிடும் அத்தைக்கும் தயங்காமல் கொடுக்கலாம். அறை வெப்பத்திலேயே இறுகிவிடும். ஒரு தடவை இறுகினால் ஏறக்குறைய 85 பாகை சூடு போனால்தான் திரும்ப உருகும். நம் வெயிலில் வாசலில் வைத்தாலும் குவளையில் அப்படியே நிற்கும். நீரிழிவு உள்ளவருக்குச் சிராப்பைக் குறைத்துத் தனிக் குவளை போடு. அசல் பண்டோங் ஒரு ஜாடி பக்கத்திலேயே தயாராக இருக்கட்டும். தாகத்தோடு வந்தவரைக் காக்க வைக்கக்கூடாது.

ஒரே வயதுப் பிள்ளைகளுக்குச் சவர்க்காரக் குறும்பு பொருந்தும். புதுக் கட்டியின் மேல் நிறமில்லாத நகப்பூச்சைப் பூசி நன்றாகக் காயவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் தீபாவளிக் காலையில் மட்டும் இதைச் செய்யாதே. தலை முழுக்க எண்ணெயோடு நிற்பவருக்குச் சிரிப்பு வராது. முதல் நாள் மாலை செய், நல்ல கட்டியைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வை. சித்தப்பா பந்தாட்டம் பார்க்க உட்காரும்போது ரிமோட்டின் முனையில் இருக்கும் சிறு விளக்கைக் கறுப்பு ஒட்டுநாடாவால் மூடலாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்யும் ரிமோட்டுக்குத்தான் இது பலிக்கும். கண்ணாடி போன்ற நாடாவை ஒட்டினால் கதிர் அதைத் தாண்டிப் போய்விடும். ஆட்டம் தொடங்குவதற்கு முன் எடுத்துவிடு. பாட்டி நாடகம் பார்க்கும் நேரத்தில் தொடவே தொடாதே.

சின்னப் பிள்ளைகளுக்கு அங்பாவ் (பண்டிகைக்குக் கொடுக்கும் பண உறை) விளையாட்டு இருக்கிறது. உறைக்குள் பணத்துக்குப் பதில் ஒரு விடுகதையை வை. அதற்குப் பதில் தெரிந்தால் அரிசி டின்னுக்குப் போகலாம், அங்கே இன்னொன்று இருக்கும், கடைசியில் அசல் அங்பாவ். வெறும் உறையைக் கொடுத்து ஏமாற்றுவது மட்டும் கூடாது. பத்து ரிங்கிட்டை 5 சென் நாணயமாக, 200 காசுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொடுத்தால் பெரிய பையன்கள்கூட எண்ணிக்கொண்டு உட்காருவார்கள்.

யாரிடம் விளையாடலாம் என்பதிலும் நம் வழக்கம் தெளிவாகவே இருந்திருக்கிறது. மஞ்சள் தண்ணீரை முறைப்பிள்ளைகள் மீதுதான் ஊற்றுவார்கள். நலங்கில் அப்பளம் உடைத்து விளையாடுவதும் மணமக்கள்தான். கேலிக்கு உரிமை உள்ளவர், பதிலுக்குக் கேலி செய்யக்கூடியவர். கிள்ளான் அத்தை பிள்ளைகள் உனக்கு அந்த முறை, தைரியமாக விளையாடு, அவர்களும் திருப்பிச் செய்யட்டும். புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள், வேலை போன மனக்கஷ்டத்தில் இருக்கும் அண்ணன், பேசவே கூச்சப்படும் பிள்ளை யாராவது வந்தால் அவர்களை விட்டுவிடு. திருப்பிச் செய்ய முடியாத நிலையில் இருப்பவரிடம் செய்வது பகடிவதை.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது? ஆலையிலிருந்து களைத்து வந்து நிற்கும்போது வேண்டாம். ஓய்வு நாளில், தேநீர் குடித்து முடித்தபின், தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசு. “அப்பா சொன்னது சரி, பாம்பு விளையாட்டு பெரிய ஆபத்து” என்று தொடங்கு. படங்களை அழித்தாகிவிட்டது என்று தம்பி சொல்லட்டும். பயமுறுத்துவது இல்லை, மருந்து, உப்பு, சர்க்கரை இருக்கும் பக்கம் போவதில்லை, கேட்காமல் படம் எடுப்பதில்லை என்று நீங்களே சொல்லுங்கள். பிறகு பண்டோங்குக்கு மட்டும் அனுமதி கேள். அவர் உடனே சரி என்று சொல்லாவிட்டால் வற்புறுத்தாதே. தன் தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மறக்க அவருக்கும் நாள் ஆகும்.

ஆனால் அப்பாவிடம் போகும் முன்னால் பாட்டியிடம் போ. “முதல் குவளையை யாருக்குக் கொடுக்கலாம், பாட்டி?” என்று கேள். அவரிடம் விளையாடுவதை இந்த வருடம் விட்டுவிட்டு, அவரோடு சேர்ந்து விளையாடுங்கள். அகர் அகர் கிண்டும் வேலையைத் தம்பிக்குக் கொடு, பதம் பார்க்கும் வேலை பாட்டிக்கு. அவர் ஒருவேளை, “எனக்கு இன்னும் மனசு சரியில்லை, இந்த வருடம் வேண்டாமே” என்றால், அகர் அகரைத் தட்டில் ஊற்றி, துண்டு போட்டுப் பலகாரமாகவே வைத்துவிடுங்கள்.