வசந்தத்தில் பூக்க எந்தப் பூ விதைகளை வாங்குவது, எப்போது, எப்படி விதைப்பது?

கேள்விக்குக் கீழே மூன்று தோல்விகளை எழுதியிருக்கிறீர்கள். பெட்டூனியா முளைக்கவே இல்லை. ஜினியா முளைத்த ஒரே வாரத்தில் தண்டின் அடி சுருங்கிச் சாய்ந்தது. பாத்தியில் போட்ட லார்க்ஸ்பர் தலைகாட்டவே இல்லை. மூன்றையும் வசந்தம் பிறந்த பிறகு ஒரே நாளில், ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு, தினமும் இரண்டு வேளை தண்ணீர் விட்டிருக்கிறீர்கள். விதையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பெட்டூனியாவுக்கு வெளிச்சம் வேண்டும், லார்க்ஸ்பருக்குக் குளிர் வேண்டும், ஜினியாவுக்குச் சூடு வேண்டும். மூன்றுக்கும் ஒரே கவனிப்பு ஆகாது.

வாங்கும்போதே ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: வசந்தத்தில் பூப்பது வேறு, வசந்தத்தில் விதைப்பது வேறு. காலண்டுலா, கார்ன்ஃபிளவர், லார்க்ஸ்பர், பாப்பி, ஸ்வீட் பீ எல்லாம் குளிரில் வேர் பிடித்து, வெயில் ஏறும்போது பூத்து முடிப்பவை. குளிர்காலம் மிதமான இடங்களில் இவற்றை இலையுதிர் காலத்திலேயே விதைத்துவிடலாம். மண் உறையும் இடங்களில், மண்ணைக் கொத்த முடிகிற முதல் நாளே விதைக்க வேண்டும். ஜினியா, காஸ்மாஸ், செண்டுமல்லி, சூரியகாந்தி வெப்பக் கூட்டம். வசந்தத்தில் விதைத்தால் கோடையில்தான் களைகட்டும். ஃபாக்ஸ்குளோவ் போன்ற ஈராண்டுச் செடிகள் முதல் வருடம் பெரும்பாலும் இலை மட்டுமே விடும். பாக்கெட்டில் இருக்கும் படத்தைப் பார்த்து இவற்றை வாங்கிவிட்டு ஏமாறுபவர்கள் அதிகம்.

பாக்கெட்டில் முதலில் பார்க்க வேண்டியது பேக்கிங் ஆண்டு. ஜினியா விதை நன்றாக வைத்திருந்தால் நான்கைந்து வருடம் தாங்கும். லார்க்ஸ்பர், டெல்ஃபினியம் விதைகள் ஒரு வருடத்திலேயே நலிந்துவிடும், எனவே புதிதாகவே வாங்குங்கள். எஃப்1 (இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை விதை) என்று போட்டிருந்தால் செடிகள் ஒரே சீராக வரும், ஆனால் அவற்றில் நீங்கள் எடுக்கும் விதை அதே பூவைத் தராது. பழைய விதையில் சந்தேகம் இருந்தால் பத்து விதையை ஈரமான டிஷ்யூ பேப்பரில் மடித்து, மூடிய டப்பாவில் அந்தச் செடிக்கேற்ற சூட்டில் வையுங்கள். ஆறு முளைத்தால் கொஞ்சம் நெருக்கமாக விதைத்துச் சமாளிக்கலாம். மூன்றுக்குக் கீழே என்றால் தூக்கிப் போடுங்கள். முளையைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரிவதைப் பூஞ்சை என்று பலர் பயப்படுவார்கள். வேரின் ஒரு பகுதியில் மட்டும் ஒரே சீராக இருந்தால் அது வேர்த்தூவி. விதைத்தோல் மேலெல்லாம் படர்ந்திருந்தால்தான் பூஞ்சை.

எப்போது என்பதற்குப் பின்னோக்கி எண்ணுங்கள். கடைசி உறைபனி நாளுக்கு முன்னால் பெட்டூனியா, பான்சி 10 முதல் 12 வாரம், ஸ்நாப்டிராகன் 8 முதல் 10 வாரம், செண்டுமல்லி 6 வாரம். இவற்றை வீட்டுக்குள் நாற்றுத் தட்டில் விதைக்க வேண்டும். ஜினியாவையும் காஸ்மாஸையும் உறைபனி முடிந்து மண் சூடானதும் நேராகப் பாத்தியில் போடுவதே நல்லது.

பெட்டூனியாவில் ஒரு கிராமில் சுமார் பத்தாயிரம் விதை இருக்கும், அதாவது தூசி. ஒரு சென்டிமீட்டர் மண்ணைத் தள்ளி மேலே வரும் அளவுக்கு அதில் சாப்பாடு கிடையாது, முளைக்க வெளிச்சமும் வேண்டும். சலித்த கோகோபீட்டில் (தென்னை நார்த்தூள்) கொஞ்சம் பெர்லைட் (வடிகாலுக்கான இலேசான வெள்ளைத் துகள்) கலந்து தட்டை நிரப்பி, தட்டோடு தண்ணீரில் வைத்து, மேல்பரப்பு கருத்ததும் எடுத்து வடிய விடுங்கள். ஒரு கெட்டிக் காகிதத்தை நடுவில் மடித்து, அந்த மடிப்பில் விதையைக் கொட்டி, பென்சிலால் தட்டிக்கொண்டே நகர்த்தினால் ஒவ்வொன்றாக விழும். மண் போடக்கூடாது. தட்டையான பலகையால் லேசாக அழுத்தி, கண்ணாடி மூடி போட்டு, 22 முதல் 24 டிகிரியில் வெளிச்சத்தில் வையுங்கள், நேர் வெயில் வேண்டாம். ஏழு முதல் பத்து நாளில் பச்சைப் புள்ளிகள் தெரியும். பாதி முளைத்ததும் மூடியை எடுத்துவிடுங்கள். களிமண் பூச்சுள்ள உருண்டை விதை என்றால், நனைந்த பூச்சு கரைவதற்குள் காய்ந்தால் இறுகிவிடும், உள்ளே முளை மாட்டிக்கொள்ளும்.

ஸ்நாப்டிராகனுக்கும் பாப்பிக்கும் இதே மேல்தூவல்தான். ஆனால் பாப்பியைத் தட்டில் வளர்க்காதீர்கள், அதன் ஆணிவேர் இடமாற்றத்தைப் பொறுக்காது. விதையைப் பத்து மடங்கு உலர்ந்த மணலோடு கலந்து பாத்தியிலேயே தூவுங்கள். மணல் வெளிறித் தெரிவதால் எங்கே தூவினோம் என்பதும் புரியும்.

லார்க்ஸ்பருக்கு இருட்டும் குளிரும். ஈரத் தாளில் மடித்து ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் வைத்து, பிறகு அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போடலாம். மண் 15 டிகிரியைத் தாண்டிவிட்டால் முளைப்பு சரிந்துவிடும். உங்கள் பாத்தியில் நடந்தது இதுதான். ஸ்வீட் பீயை ஓர் இரவு ஊறவைத்து, உப்பாமல் கிடப்பவற்றை மட்டும் விதையின் கண்ணுக்கு (காயோடு ஒட்டியிருந்த தழும்பு) எதிர்ப்பக்கம் நகவெட்டியால் லேசாகச் சீவி, இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். இரண்டு மூன்று ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும். பட்டாணி போல இருந்தாலும் இது விஷம். லார்க்ஸ்பரும் ஃபாக்ஸ்குளோவும் அப்படியே. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஜினியா சாய்ந்தது நாற்றழுகல். மண்ணிலுள்ள பித்தியம், ரைசோக்டோனியா போன்ற கிருமிகள் ஈரமும் குளிர்ச்சியும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் தண்டை மண்மட்டத்தில் அரித்துவிடும். சாய்ந்த நாற்று பிழைக்காது, அதைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி எறியுங்கள். மறுமுறையும் தட்டிலேயே விதைப்பதானால் தோட்ட மண்ணைப் போடாமல், பழைய தட்டைக் கழுவி, தண்ணீரை அடியிலிருந்து கொடுத்து, மேல்பரப்பு வெளிறிய பிறகே அடுத்த தண்ணீர் விடுங்கள். ஜினியா 21 முதல் 27 டிகிரியில் நாலு முதல் ஏழு நாளில் வந்துவிடும். சூட்டில் வேகமாக வளரும் நாற்று கிருமியிடம் சிக்கும் காலமும் குறைவு.

நாற்று நூலாக நீண்டால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். ஜன்னல் வெளிச்சம் பெரும்பாலும் பற்றாது. டியூப் லைட்டை நாற்றுக்கு மேலே 5 முதல் 10 சென்டிமீட்டரில் தொங்கவிட்டு தினம் 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். வெளியே நடுவதற்கு முன் 7 முதல் 10 நாள், முதல் நாள் ஒரு மணி நேர நிழல் என்று தொடங்கி வெயிலுக்குப் பழக்குங்கள். நேராக வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும். காஸ்மாஸுக்கும் நஸ்டர்ஷியத்துக்கும் எரு போட்டுச் செல்லம் கொடுக்காதீர்கள், இலை கொழிக்கும், பூ வராது.

லார்க்ஸ்பர் போட்ட இடத்தை இப்போதைக்குக் கொத்தாமல் விடுங்கள். மண் குளிர்ந்ததும் மிச்ச விதை முளைக்க வாய்ப்பு உண்டு. வித்திலைக்கு அடுத்து வரும் இலை கேரட் தழை போல நூல் நூலாகப் பிரிந்திருக்கும், களை என்று பிடுங்கிவிடாதீர்கள்.