மார்சியோனும் வாலண்டினஸும் ஒண்ணா?
ப்ரோ, ரெண்டாம் நூற்றாண்டு கிறிஸ்தவ போதகர்களான இந்த ரெண்டு பேரையும் 'நாஸ்டிக்'னு (ரகசிய ஞானத்தாலதான் மீட்புன்னு நம்பினவங்க, நாத்திகர் இல்ல) நீங்க ஒரே ஸ்லைடுல போட்டதை கைடு சிவப்புல சுழிச்சுட்டார்னு எழுதியிருந்தீங்க, அவர் சுழிச்சது சரிதான். பழைய புக்ஸ்ல அப்படித்தான் சேர்த்துப் போட்டிருப்பாங்க, அதனால உங்க தப்புன்னு சொல்ல முடியாது.

வாலண்டினஸ் பக்கம்தான் அந்தப் பெரிய கதை எல்லாம்: 30 ஏயோன்கள் (தெய்வீக சக்திகள்), அதுல ஒண்ணான சோபியாவோட வீழ்ச்சி, மேல என்ன இருக்குன்னே தெரியாம உலகத்தைப் படைச்ச ஒரு கடவுள், அப்புறம் மனுஷங்கள்ல மூணு ரகம், அதுல சில பேருக்குள்ள தெய்வீக விதை இருக்கு, அதை அறியறதுதான் மீட்பு. மார்சியோன்கிட்ட இதுல பாதி கிடையாது. ரகசிய ஞானமும் இல்ல, உள்ளுக்குள்ள தெய்வீக விதையும் இல்ல, விசுவாசம் மட்டும்தான். படைச்ச கடவுள் வேற, இயேசுவோட அப்பா வேறன்னு சொன்னதாலதான் இந்தக் குழப்பமே. பழைய ஏற்பாட்டை உருவகமா படிக்காம வரிக்கு வரி அப்படியே எடுத்துக்கிட்டு, இது வேற கடவுள்னு ஒதுக்கிட்டாரு, வெட்டிச் சுருக்கின லூக்கா நற்செய்தியும் பவுலோட 10 நிருபங்களும்தான் அவரோட பைபிள்.

கி.பி. 144ல ரோம் சபை மார்சியோனைத் தள்ளி வெச்சப்போ அவர் கொடுத்த 2 லட்சம் செஸ்டர்ஸையும் (ரோமானிய நாணயம்) திருப்பிக் கொடுத்தாங்களாம் (ஆச்சரியம்தான், காணிக்கையை யாரு திருப்பித் தர்றா!). அப்புறம் தனி சபையே கட்டிட்டாரு, டமாஸ்கஸ் பக்கம் 318 வாக்குல அவரோட சபைக்காரங்க வெச்ச கல்வெட்டே கிடைச்சிருக்கு. வாலண்டினஸ் ஆளுங்க பெரும்பாலும் மத்தவங்களோட சேர்ந்தே கும்பிட்டாங்க, அவங்களை எதிர்த்து எழுதின பிஷப் இரேனியஸுக்குக் கடுப்பே அதான்.

ஸ்லைடை ரெண்டாப் பிரிங்க, 'படைச்சவன் யாரு'ங்கறதை மட்டும் பொதுவா வைங்க.